படிக்காமல் அடித்த முத்திரை

பார்சல் ஒட்ட டேப் தேடிச் சமையலறை டிராயரைக் குடைந்தபோது அந்தச் சின்ன டப்பா கையில் அகப்பட்டது. மூடியைத் திறந்ததும் விளக்கெண்ணெய் வாசனை. முத்திரைக்குத் தொட்டுக்கொள்ளும் சிவப்பு மை. இத்தனை வருஷத்தில் ஓரமெல்லாம் காய்ந்து வெடித்துவிட்டது, வாசனை மட்டும் போகவில்லை. டோக்கியோவுக்கு வந்த முதல் மாசம், பேங்க் கணக்கு திறப்பதற்காக ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் நாம் இருவரும் ஆளுக்கொரு முத்திரை செய்துகொண்டோமே, அன்று வாங்கியது. நீ முகர்ந்து பார்த்துவிட்டு, "ஏம்புள்ள, இத்தன பெரிய ஊர்ல நம்மூரு வெளக்கெண்ணயத்தான் பூசிக் குடுக்கறாங்க" என்றாய். நாம் ஏன் சிரிக்கிறோம் என்று தெரியாமலே கடைக்காரரும் சிரித்தார்.

டப்பாவுக்கு அடியில் மூன்று கவர்கள். உன் பெயருக்கு ஜப்பானிலிருந்து வந்தவை, நீ போன பிறகு வந்தவை. நான் பிரிக்கவில்லை. அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கக்கூடாது என்று வளர்ந்தவள் நான்.

நாளை வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு உன் மகனிடம் பேச வேண்டும். ஆமாம், ரென்னிடம்தான். என்னை எப்படியோ தேடிப் பிடித்து ஈமெயில் அனுப்பியிருக்கிறான். பதினெட்டு வயசாகிவிட்டது. 'அம்மாவின் தற்போதைய முகவரியைத் தெரிவிக்க இயலுமா' என்று கேட்கிறான். நீ செத்து ஒன்றரை வருஷம் ஆனது அவனுக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. அதை இப்போது நான் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, உன் விவாகரத்துத் தாளில் சாட்சியாக முத்திரை அடித்தவளும் நான்தான் என்று சொல்ல வேண்டும். எனக்கு வருகிற ஆத்திரத்தை யார் மேல் கொட்டுவது என்று தெரியவில்லை, உனக்கு எழுதுகிறேன். நீ ஒருத்திதான் குறுக்கே பேச மாட்டாய்.

போன மாசம் இங்கே கலிஃபோர்னியா டப்ளினில் ஒரு பாட்லக். பத்து நாள் ஜப்பான் டூர் போய்வந்த ஒரு அங்கிள், தயிர்சாதத்தைப் பிசைந்தபடி ஆரம்பித்தார். "ஜப்பான்காரனப் பாத்துக் கத்துக்கணும்மா. சட்டம்னா சட்டம். குப்பையக்கூட பைக்குள்ள போட்டு வீட்டுக்கு எடுத்துட்டுப் போறான்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "குப்பைய வீட்டுக்கு எடுத்துட்டுப் போன்னு அங்க சட்டம் எதுவும் இல்ல அங்கிள். அது பழக்கம். அங்க சட்டம் பாதி வேலையத்தான் செய்யும், மீதிய பழக்கம் பாத்துக்கும்னு விட்டுடும். பழக்கம் உங்க பக்கம் இருந்தா சொர்க்கம். இல்லன்னா கேக்க நாதி கிடையாது."

"என்னம்மா, இப்படிக் கோவப்படறீங்க? நான் குப்பையத்தான சொன்னேன்?"

"நான் குழந்தையச் சொல்றேன் அங்கிள்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பாவம், அவர் என்ன செய்வார். ஆன்ட்டி ஒருத்தர் வந்து, "பாயசம் எடுத்துக்கலையா?" என்று என்னை நகர்த்திக்கொண்டு போனார்.

அந்தத் தாள் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. பச்சைக் கோடு போட்ட பெரிய தாள். அங்கே விவாகரத்துக்குக் கோர்ட் வேண்டாம், வக்கீல் வேண்டாம். இருவரும் ஒத்துக்கொண்டால் அந்த ஒரு தாள் போதும். இரண்டு பேர் சாட்சிக்கு. வார்டு ஆபீஸ் கவுன்டரில் நீட்டினால், கட்டம் கட்டமாகச் சரிபார்த்து மரியாதையாக வாங்கிக்கொள்வார்கள். குடும்ப விஷயம், உள்ளுக்குள் பேசித் தீர்த்திருப்பார்கள், நாம் மூக்கை நுழைப்பானேன் என்பதுதான் சட்டத்தின் நினைப்பு. அங்கே பிறக்காத ஒருத்தி என்ன பேசினாள், என்ன தீர்ந்தது என்று யாரும் கேட்பதில்லை.

உனக்குப் பேச வரும். கோபிச்செட்டிபாளையத்து இழுவையோடு நீ ஜப்பானீஸ் பேசுவதைக் கேட்க எனக்கு அவ்வளவு பிடிக்கும். முள்ளங்கியிலிருந்து டிவி நாடகம் வரை மாமியாரோடு அரட்டை அடிப்பாய். எழுத்துதான் உனக்கு ஏறவில்லை. எனக்கோ எழுத்துதான் சோறு போட்டது. கஸ்டமர் எழுதிக் கொடுப்பதைப் படித்துச் சென்னை டீமுக்குச் சொல்வது என் வேலை. ஒரு புள்ளியைக்கூட விடமாட்டாள் என்று ஆபீஸில் பேர் வேறு.

அன்று மத்தியானம் ஸ்டேஷன் எதிரே இருந்த ரெஸ்டாரன்ட்டில் உட்கார்ந்திருந்தோம். நீ, உன் வீட்டுக்காரர், அவருடைய அண்ணன், நான். நான்கு வயசு ரென் உன் மடியில். அவன் சாப்பாட்டில் குத்தியிருந்த குட்டிக் கொடியைப் பிடுங்கி என் காபிக்குள் விட்டுக்கொண்டிருந்தான். சண்டை இல்லை, சத்தம் இல்லை. பிரியலாம் என்று மாசக்கணக்கில் பேசி முடித்திருந்தீர்கள். 'குழந்தை விஷயம் இப்போது இருக்கிறபடியே' என்று உன் வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். வாரநாள் உன்னிடம், சனி ஞாயிறு அவரிடம். வாயால் சொன்னதுதான்.

அவர் தாளை இரண்டு கையாலும் நீட்டி, தலை குனிந்து, "உங்களுக்குத் தொந்தரவு கொடுக்கிறேன்" என்றார். உன் பக்கத்துச் சாட்சி நான். நீ முத்திரையை மையில் தொட்டுக்கொண்டு என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டாய். "ஏம்புள்ள, படிச்சுப் பாத்தியா? எல்லாம் செரியா இருக்குதா?"

"சரியாத்தான் இருக்கு. நீ அடி."

நான் படிக்கவில்லை.

அவர் எதிரில் உட்கார்ந்து வரிவரியாக விரல் வைத்துப் படித்தால், அவரை நம்பவில்லை என்று முகத்தில் அறைகிற மாதிரி என்று எனக்குத் தோன்றியது. காற்றைப் படிப்பது என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. யாரும் எதுவும் சொல்லாமலே இடத்தின் காற்றைப் படித்து நடந்துகொள்கிறவள்தான் பக்குவமானவள். எட்டு வருஷத்தில் அதில் நான் கெட்டிக்காரி ஆகியிருந்தேன். நம்மூர்ப் பழக்கமும் கூடச் சேர்ந்துகொண்டது. சிநேகிதியின் ரிஜிஸ்டர் ஆபீஸ் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்ட நம்மில் யார் படித்துவிட்டுப் போட்டிருக்கிறோம்? காட்டிய இடத்தில் போட்டுவிட்டு, சாப்பாடு எங்கே என்று கேட்போம். அந்தப் பழக்கத்தில் விவாகரத்துக்கும் போட்டேன்.

பிரிந்தபின் குழந்தைக்கு ஒரே ஒருவர்தான் பொறுப்பு என்று அன்றைக்குச் சட்டம். அதற்காகத் தாளில் இரண்டு கட்டம். கணவன் பொறுப்பில் உள்ள குழந்தை, மனைவி பொறுப்பில் உள்ள குழந்தை. ரென் பெயர் கணவன் கட்டத்தில் இருந்தது. கணவன், மனைவி, ஆளுக்கு ஒரு எழுத்துதான். மொழி கற்க ஆரம்பித்த புதிதிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அந்த ஒரு எழுத்தைப் பார்க்க எனக்கு ஒரு நொடி போதும். வெளக்கெண்ண, வெளக்கெண்ண என்று என்னை நானே எத்தனை தடவை திட்டிக்கொண்டிருப்பேன்!

மூன்றாவது மாசம், பாட்டி வீட்டுக்குப் போன ரென் திரும்பி வரவில்லை. நாம் இருவரும் போலீஸ் பூத்துக்கு ஓடினோம். அந்த இளம் போலீஸ்காரர் எழுந்து நின்று நம்மை வணங்கினார். நீ நீட்டிய குடும்பப் பதிவேட்டு நகலைப் பொறுமையாகப் படித்தார். பொறுப்பு, தந்தை. அவ்வளவுதான். அந்த வீட்டுத் தாளில் உனக்கென்று தனி இடமே கிடையாது, வெளிநாட்டுக்காரி என்பதால் அவர் பெயருக்குக் கீழே ஒரு குறிப்பாக இருந்தாய், விவாகரத்தானதும் இன்னொரு குறிப்பு. "குடும்பத்துக்குள் பேசிக்கொள்ளுங்கள்" என்று போலீஸ்காரர் மறுபடி வணங்கினார். வணங்கி வணங்கியே உன்னைத் தெருவில் விட்டார்கள் புள்ள.

அப்புறம் குடும்பக் கோர்ட். அங்கேயும் தீர்ப்பு இல்லை, சமரசப் பேச்சு. உன்னை ஒரு அறையில், அவரை ஒரு அறையில் வைத்து, இரண்டு பெரியவர்கள் போய்ப்போய் வந்தார்கள். குழந்தையின் மனசு கலங்கக்கூடாது, இரண்டு வீடு என்றால் குழம்பிப்போவான், இதமாக நடந்துகொள்ளுங்கள். கடைசியில் உனக்குக் கிடைத்தது வருஷத்துக்கு இரண்டு தடவை, ஜூனிலும் டிசம்பரிலும், தபாலில் போட்டோ. பார்க்கக்கூடாது, பேசக்கூடாது, நீ எதுவும் அனுப்பக்கூடாது. போட்டோ.

நீ எழுந்து அந்த இரண்டு பேரையும் வணங்கி, நன்றி சொன்னாய். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எதற்கடி நன்றி? கத்தியிருக்கக் கூடாதா? மேஜையைத் தட்டியிருக்கக் கூடாதா? லிஃப்ட்டில் கேட்டேன். "சத்தம் போட்டா அந்தப் போட்டோவும் வராது புள்ள" என்றாய்.

உன் வீட்டார் மட்டும் என்ன வாழ்ந்தது! ஜப்பான்காரனைக் கட்டாதே என்று முதலிலேயே சொன்னோம் என்று போனை வைத்தார்கள். சொந்தக்காரர்களிடம், பையன் அங்கே ஹாஸ்டலில் படிக்கிறான் என்று சொல்லிவைத்தார்கள். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்கிற அதே காற்றுதான் கோபியிலும் அடித்தது, நமக்கு அதைப் படிக்கத் தனியாகப் பாடம் வேண்டியிருக்கவில்லை.

நான் கலிஃபோர்னியா வந்த இரண்டாவது வருஷம் உன்னையும் இங்கே இழுத்துக்கொண்டேன். குபெர்டினோவில் வேலை, டப்ளினில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அபார்ட்மென்ட். ஃப்ரீவேயில் உறைந்து நிற்கும் டிராஃபிக்கில் நீ ரென்னைப் பற்றிப் பேசிக்கொண்டே வருவாய். கவர் வந்த வாரமென்றால் போட்டோவைக் கார் கண்ணாடிக்குக் கீழே சாய்த்து வைத்துக்கொள்வாய். "பாரு, கன்னம் ஒட்டிப் போச்சு. சோறு போடறாங்களா இல்லியா?" அவன் பெயருக்குத் தாமரை என்று அர்த்தம் என்பதால் நீ அவனைத் தாமரை என்றே கூப்பிடுவாய். ஆம்பளப் பையனை இப்படியா கூப்பிடுவது என்று நான் திட்டுவேன். "எம்பையன், நான் கூப்பிடறேன். பேராச்சும் எங்கிட்ட இருக்கட்டும்" என்பாய்.

இந்தியன் கடை பார்க்கிங்கில் வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு ஒரு அப்பாவும் அம்மாவும் வருவார்களே, ஞாபகம் இருக்கிறதா? பிரிந்தவர்கள். இந்தக் காரிலிருந்து ஒரு பெண்குழந்தை பையோடு இறங்கி அந்தக் காரில் ஏறும். பெரியவர்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். ஹோம்வொர்க் நோட்டு வரவில்லை என்று ஒரு நாள் பார்க்கிங்கே அதிரக் கத்திக்கொண்டார்கள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். நீ கொத்தமல்லிக் கட்டைக் கையில் பிடித்தபடி நின்று பார்த்தாய். "அடிச்சுக்கட்டும் புள்ள. ரெண்டு பேரும் பாத்துக்கறாங்கல்ல" என்றாய். அதற்கப்புறம் நீ வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கே கடைக்குப் போக ஆரம்பித்ததை நான் கவனிக்காமல் இல்லை.

கேன்சர் உன்னை ஏழு மாசத்தில் முடித்தது. மறுநாள் நான் உன் பழைய வீட்டுக்காரருக்கு எழுதினேன். நான்கே வரியில் பதில். ஆழ்ந்த வருத்தம். மகன் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குத் தயாராகிறான். தேர்வு முடிந்ததும் தகுந்த நேரத்தில் சொல்கிறேன். அதுவரை தயவுசெய்து பொறுத்துக்கொள்ளவும்.

நான் பொறுத்துக்கொண்டேன்! காறித் துப்பு என் மேல். ஏன் பொறுத்துக்கொண்டேன் தெரியுமா? தேர்வு என்று அந்த ஆள் சொன்னான். பிளஸ் டூ பரீட்சை முடியட்டும் என்று தாத்தா செத்ததையே பிள்ளையிடம் மறைக்கிற ஊரில் பிறந்தவள் நான். அந்தச் சொல்லைப் பார்த்ததும், அதானே, நியாயம்தானே என்று தலையாட்டிவிட்டேன். அவனைச் சொல்லி என்ன பயன்? அவன் போட்ட தாளத்துக்கு இரண்டு தடவையும் நான்தான் ஆடினேன்.

கவர் மட்டும் நிற்கவில்லை. நீ இறந்தது தெரிந்தும் ஜூன், டிசம்பர் என்று பிசகாமல் வக்கீல் மூலமாக வந்தது. சமரசத் தாளில் எழுதியிருக்கிறதல்லவா! ரெஸ்டாரன்ட்டில் வாயால் சொன்னது காற்றோடு போயிற்று, எழுதினது செத்தவளுக்கும் தபாலில் வருகிறது. உன் அபார்ட்மென்ட்டிலிருந்து திருப்பிவிடப்பட்டு என் வீட்டுக்கு வந்த கவர்கள்தான் இந்த மூன்றும்.

இப்போது அங்கே சட்டத்தை மாற்றிவிட்டார்கள். இந்த வருஷம் நடைமுறைக்கும் வந்துவிட்டது. பிரிந்த பிறகும் அம்மா, அப்பா இருவரும் பொறுப்பு வைத்துக்கொள்ளலாம், முன்பே பிரிந்தவர்களும் கோர்ட்டில் கேட்கலாம். லஞ்ச் நேரத்தில் போனில் படித்தேன். இத்தனை காலம் என்ன செய்தீர்கள் என்று கேட்டால், அது எங்கள் பண்பாடு, பிரிந்தால் சுத்தமாகப் பிரிவதுதான் பிள்ளைக்கு நல்லது என்பார்கள். என்ன பண்பாடு? நான்கு வயசுப் பிள்ளை அம்மா எங்கே என்று கேட்காத பண்பாடு எந்த ஊரில் இருக்கிறது, காட்டுங்கள் பார்ப்போம். நீ உயிரோடு இருந்திருந்தால் முதல் ஃப்ளைட்டில் போய் அந்தக் கோர்ட் கவுன்டரில் நின்றிருப்பாய்.

ரென்னின் ஈமெயில் வந்தது அதற்கு அடுத்த வாரம். அப்பாவின் கோப்புகளில் அந்தப் பச்சைத் தாளின் நகலைப் பார்த்தானாம். சாட்சிகளில் வெளிநாட்டுப் பெயர் ஒன்றே ஒன்றுதான், தேடினேன், மன்னிக்கவும் என்கிறான். புதுக் கஸ்டமருக்கு எழுதுகிற மாதிரி அத்தனை மரியாதை. கடைசி வரியில், 'அம்மா அப்போது என்னைக் கொடுக்கச் சம்மதித்தாரா, தாங்கள் அறிந்திருந்தால் தெரிவிக்கவும்.'

நாளைக்கு நாலு மணி.

*

பேசிவிட்டேன்.

திரையில் வந்ததும் வணங்கினான். நிமிர்ந்தபோது உன் மூக்கு, உன் தெத்துப்பல். நான் சுற்றி வளைக்கவில்லை. கெட்ட செய்தியை மெத்தையில் வைத்து நீட்ட அந்த மொழியில் ஆயிரம் வார்த்தை எனக்குத் தெரியும், ஒன்றையும் போடவில்லை.

"உன் அம்மா இறந்துவிட்டாள். ஒன்றரை வருஷம் ஆகிறது. உன் அப்பாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும், உனக்குச் சொல்லாமல் இருந்தோம். அவள் உன்னைக் கொடுக்கச் சம்மதிக்கவே இல்லை. அவளுக்குப் படிக்க வராது. எனக்கு வரும். சரியாக இருக்கிறதா என்று என்னைத்தான் கேட்டாள். நான் படிக்காமல் சரி என்றேன்."

அவன் அழவில்லை. "அப்படியானால் படங்கள்?" என்றான்.

"எந்தப் படங்கள்?"

"அம்மாவுக்கு அனுப்பும் படங்கள். பதினாறு வயதிலிருந்து நான்தான் தேர்ந்தெடுத்துக் கவரில் வைத்து ஒட்டிக் கொடுக்கிறேன். அப்பாவுக்குத் தெரியாமல் பின்பக்கம் எழுதினேன். மூன்று முறை. பதில் வரவில்லை. அம்மாவுக்கு விருப்பமில்லை என்று நினைத்தேன். அதனால்தான் அந்தத் தாளைத் தேடினேன்."

டிராயரைத் திறந்து மூன்று கவரையும் எடுத்துவந்து அவன் கண்ணெதிரிலேயே கிழித்தேன். படங்களைத் திருப்பினேன். உனக்குப் புரிகிற மாதிரி தமிழில் படிக்கிறேன், கேள்.

முதல் படத்தின் பின்னால்: 'அம்மா, நலமா? உங்கள் முகம் ஞாபகம் இருக்கிறது. குரல் ஞாபகம் இல்லை.'

இரண்டாவது: 'பதினெட்டு வயதானால் யாரையும் கேட்காமல் நான் வரலாம். வரட்டுமா?'

மூன்றாவது: 'படம் கிடைத்தது என்று மட்டும் சொன்னால் போதும்.'

நான் வாய்விட்டு அழுதேன். அவன் திரையில் மறுபடி தலை குனிந்து, அம்மாவைப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி என்றான். "வணங்காதடா! என்னை வணங்காத!" என்று கத்தினேன். தமிழில்தான் கத்தினேன், அவனுக்குப் புரியவில்லை. திகைத்துப் பார்த்தான். பிறகு, அம்மா தன்னை எப்படிக் கூப்பிடுவார் என்று கேட்டான். சொன்னேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டான், 'ழ' இல்லாத பேராகப் போயிற்று, சுலபமாக வந்தது. ஆகஸ்டில் வருகிறான். அவன் போட்டோக்களை நீ ஒட்டிவைத்த ஆல்பம் என் பீரோவில் வயசு வரிசையில் அப்படியே இருக்கிறது.

இப்போதெல்லாம் நான் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. ஸ்கூல் ஃபாரம், ஜிம் ஃபாரம், எல்லாவற்றையும் கவுன்டரிலேயே நின்று கடைசி வரி வரை படிப்பேன். பின்னால் வரிசை நிற்கும், உச்சுக்கொட்டுவார்கள், கொட்டட்டும். அப்படிப்பட்டவள், என் வீட்டு டிராயரிலேயே கிடந்ததை ஒன்றரை வருஷம் படிக்காமல் வைத்திருந்தேன். மரியாதைக்காக.

படம் கிடைத்தது என்று அவனிடம் சொல்லிவிட்டேன். உன்னிடம் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வேன் புள்ள?